துக்க வீட்டில் தேதி சொன்னவர்

செய்தி ஒரு புகைப்படமாக வந்தது. தமிழ் நாளிதழின் மரண அறிவிப்புப் பக்கம். யாரோ கைப்பேசியில் சாய்வாக எடுத்தது. ஒரு மூலையில் கறுப்பு அங்கி, வெள்ளைக் கழுத்துப்பட்டி, சிரிக்காத முகம். வழக்கறிஞர் ரெஜினா, மாசாய். படத்துக்குக் கீழே அம்மா எழுதியிருந்தாள்: "பாப்பா, இது நம்ம லாயர் அக்காதானே?"

அவர்தான். வேறு எந்தப் பக்கத்தையும்விட முதலில் அந்தப் பக்கத்தைத் திறப்பவர். காலைக் கோப்பி ஆறுவதற்குள், யார் இறந்தார்கள், என்ன வயது, எந்தத் தாமான், அதாவது எந்தக் குடியிருப்பு என்று பார்த்துவிடுவார். வயது குறைவாக இருந்து, முகவரி பாசிர் கூடாங் துறைமுகத் தொழிற்பேட்டைப் பக்கமாக இருந்தால், கார்ச் சாவியை எடுத்துவிடுவார்.

இதைப் படிக்கும் உங்களில் பலருடைய வீட்டுக்கும் அவர் வந்திருப்பார். தெருவை மறித்துப் போட்ட கூடாரத்துக்குக் கீழே, சிவப்பு நாற்காலிகளின் கடைசி வரிசையில். அழைக்காமல். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு அப்பா இறந்த அன்று வந்தார்.

அப்பா துறைமுகத்தின் பக்கம் ரசாயனத் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் ஒரு குத்தகை நிறுவனத்தில் வேலை பார்த்தார். தொட்டி என்றால் வீடுகளைவிட உயரமான இரும்பு உருளை. காலியானதும் ஆட்கள் உள்ளே இறங்கி, அடியில் தங்கியதை வழித்தெடுக்க வேண்டும். சில ஆண்டுகளில் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கே பத்து ஆண்டு. அதற்குப் பிறகு ரத்தப் புற்றுநோய். அதற்குப் பிறகு எல்லாமே வேகமாக நடந்தது.

நான் கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். பேருந்திலிருந்து இறங்கி நேரே கூடாரத்துக்குள் நடந்தேன். அம்மாவின் பக்கத்தில் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் கையைப் பிடித்திருக்கவில்லை. அழவும் இல்லை. அம்மாவின் பெயரைக் கேட்டார். பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதுபோல, தாழ்ந்த குரலில்:

"சாந்தி, இப்போ இதைச் சொல்றது தப்புன்னு எனக்குத் தெரியும் மா. ஆனா யாராச்சும் சொல்லணும். இவரு செஞ்ச வேலையாலயே இவரு போயிருக்கலாம். அப்படின்னா கேஸ் போட மூணு வருஷம்தான் இருக்கு. அது இன்னைக்கே ஆரம்பிச்சிடுச்சு."

அம்மா அவரை வெறுமனே பார்த்தாள். அவர் சொன்னது மாமாவின் காதில் விழுந்தது. குமார் மாமா, அம்மாவின் அண்ணன். அதே நிறுவனத்தில் மேற்பார்வையாளர். அப்பாவுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அன்றைய கூடாரம், நாற்காலி, சாப்பாடு எல்லாம் நிறுவனம் கொடுத்தது. ஏற்பாடு மாமா.

"என்னங்க லாயரம்மா, பொணம் இன்னும் வீட்டை விட்டுப் போகல. அதுக்குள்ள கேஸ் பிடிக்க வந்துட்டீங்களா?"

"எனக்குக் கேஸ் வேணாங்க. என்கிட்ட வரவே வேணாம். வேற எந்த லாயர்கிட்ட வேணும்னாலும் போங்க. தேதியை மட்டும் விட்டுறாதீங்க."

"அலமாக்! வியாபாரம் இல்லாத வியாபாரி. கிளம்புங்க லா."

அவர் கிளம்பினார். வாசல் கேட்டைத் தொட்டதும் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "போயிட்டு வரேன் மா" என்றார்.

பெண்கள் தலை நிமிர்ந்தார்கள். துக்க வீட்டில் நாம் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. சொல்லாமல் எழுந்து போவதுதான் முறை. திரும்ப வருவேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்றாகிவிடும். ரெஜினா அக்கா கத்தோலிக்கர். ஆனால் எஸ்டேட்டில் பிறந்தவர். அவருக்கும் அது தெரியும். தெரிந்தே சொன்னார்.

வந்தார். ஓராண்டு கழித்து, அப்பாவின் முதல் திதிக்கு, ஒரு பை ஆரஞ்சுப் பழங்களோடு. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. இலையில் உட்கார்ந்து, ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாமா அந்தப் பக்கமே வரவில்லை.

நான் அவரைக் கார் வரை கொண்டுவிட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன். கேஸ் வேண்டாம் என்றால் எதற்கு வருகிறீர்கள்?

வழக்கைத் தேடிப் போவது வழக்கறிஞருக்கு விதிப்படி கூடாது என்றார். அதனால் தாமே வகுத்துக்கொண்ட ஒரு விதி: எந்த வீட்டில் தேதியைச் சொல்கிறாரோ, அந்த வீட்டு வழக்கை எடுப்பதில்லை. ஒருபோதும். வயிற்றுப்பாட்டுக்கு வீடு வாங்குவோர் விற்போரின் ஒப்பந்தங்கள் இருந்தன. "கேஸ் பிடிக்க வந்தான்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். அது பொய்யா இருக்கணும், அவ்ளோதான். அது என் பொறுப்பு."

பிறகு, காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொன்றும் சொன்னார். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண் அவரைத் தேடி வந்தாளாம். கணவன் பெயிண்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்து இறந்தவன். எல்லாச் சான்றும் கையில். ஒரே ஒரு வாரம் தாமதம். "ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொன்னேன். அந்தம்மா சண்டை போடல. இதை முன்னாடியே யாரும் சொல்லலியே மான்னாங்க. அவ்வளவுதான். எழுந்து போயிட்டாங்க." காருக்குள் ஏறி உட்கார்ந்தார். "சட்டம் எல்லாருக்கும் தெரியும்னு சட்டமே நினைச்சுக்குது. அது ஒரு நினைப்புதான்."

அம்மாவுக்கு வழக்கில் விருப்பமில்லை. முதல் ஆண்டு, துக்கம். இரண்டாம் ஆண்டு, அண்ணன் மனம் நோகும். "அவரு உடம்பைக் காட்டிக் கோர்ட்டுல நிக்கிறதா?" என்பாள். நான் வற்புறுத்தவில்லை. அப்போது நான் எதையும் வற்புறுத்தும் நிலையில் இல்லை. வேலை தேடிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாமல்.

மூன்றாம் ஆண்டில், அப்பாவோடு தொட்டியில் இறங்கிய இன்னொருவர் படுத்தார். அதே நோய். அம்மா அவரை மருத்துவமனையில் பார்த்துவிட்டு வந்தாள். வந்து, சமையலறையில் நின்றபடியே, "அந்த லாயர் அக்கா நம்பர் இருக்கா?" என்றாள்.

ரெஜினா அக்கா எங்களை ஜொகூர் பாருவில் இருந்த மிஸ்டர் தான் என்ற வழக்கறிஞரிடம் அனுப்பினார். மெல்லப் பேசும் சீனர். அம்மாவோடு மலாயில் பேசினார். தாள்களைத் தயார் செய்தார். அம்மா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அம்மா போடவில்லை. அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. நாங்கள் ரெஜினா அக்காவை மூன்றாம் திதிக்கு அழைக்கப் போன அன்றுதான் அது வெளியே வந்தது.

அவருடைய அலுவலகம் மாசாயில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே. சுவரில் இரண்டு நாட்காட்டிகள். ஒன்று எல்லா அலுவலகத்திலும் இருப்பது. மற்றது தினமும் கிழிக்கும் தமிழ் நாட்காட்டி. ராகு காலம், எமகண்டம், திதி, நட்சத்திரம். மேலே முருகன். பக்கத்திலேயே மாதா படம்.

"வர்ற திதி முடிஞ்ச மறுநாளே கையெழுத்து போட்டுறேன் அக்கா. மூணு வருஷம்னு சொன்னீங்கல்ல, சரியா வந்துடும்" என்றாள் அம்மா, திருப்தியாக.

ரெஜினா அக்கா எழுந்து போய்த் தமிழ் நாட்காட்டியின் தாள்களை விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு மற்ற நாட்காட்டியை. மறுபடியும் முதலாவதை. அந்த ஆண்டு அப்பாவின் திதி, அப்பா இறந்த ஆங்கிலத் தேதியைத் தாண்டிப் போய் விழுந்திருந்தது.

"சாந்தி. கோர்ட்டுக்கு அமாவாசை தெரியாது மா. இங்கிலீஷ் தேதி ஒண்ணுதான் தெரியும். உன் திதி வர்றதுக்குள்ள கேஸ் செத்துடும்."

அம்மாவின் முகம் மாறியது. எங்கள் எல்லாருக்கும் மூன்று வருடம் என்றால் மூன்றாவது திதிதான். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பட்டம் வாங்கியவள்.

"திதி குடுக்காம எப்படி அக்கா? அவருக்கு ஒரு பிடி சோறு வெக்காம கோர்ட்டுக்குப் போறதா?"

நான் சட்டம் பேசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்து அம்மாவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"சோறு வெய்யி. யாரு வேணாம்னா? இன்னைக்கே வெய்யி. நாளைக்குக் கையெழுத்து போடு. திதியன்னைக்கு மறுபடி வெய்யி. ரெண்டு தடவை சாப்பிட்டா உங்க வீட்டுக்காரரு கோவிச்சுக்குவாரா?"

அம்மா சிரித்துவிட்டாள். மூன்று ஆண்டுகளில் அப்படி அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. "அவரா? மூணாவது தடவையும் கேப்பாரு."

அன்று மாலை நண்டு வாங்கினோம். அப்பாவுக்குப் பிடித்தது. படையலில் வைக்கக்கூடாதது. அம்மா வைத்தாள். மறுநாள் காலை மிஸ்டர் தானின் மேசையில் கையெழுத்துப் போட்டாள். வழக்கு உரிய காலத்துக்குள் பதிவானது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யும்படி மனு போட்டார்கள். காரணம், காலம் கடந்துவிட்டது.

எனக்கு விளங்கவில்லை. இறந்து மூன்று ஆண்டுக்குள்தானே போட்டோம்? ரெஜினா அக்கா ஒரு சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் என்ற பால் தேநீரை ஆற்றிக்கொண்டே விளக்கினார். வழக்கு அவருடையது அல்ல. ஆனாலும் கேட்டால் சொல்வார்.

"உங்கப்பா உயிரோட இருந்தா அவரே கேஸ் போட்டிருக்க முடியுமான்னு முதல்ல பார்ப்பாங்க. தொட்டியில கடைசியா இறங்கின நாள்லேருந்து அவருக்கு ஆறு வருஷம். அவரு சாகிறப்பவே அந்த ஆறு வருஷம் முடிஞ்சிருந்தா, உங்களுக்கும் ஒண்ணும் இல்லைன்னு வாதாடுவாங்க. தொட்டியை விட்டு வந்து பத்து வருஷம் ஸ்டோர்ல இருந்தாரு, அதனால எப்பவோ முடிஞ்சதுங்கறாங்க."

"அப்போ அவருக்கு நோயே இல்லையே அக்கா. இல்லாத நோய்க்கு எப்படிக் கேஸ் போடறது?"

"அதைத்தான் மா நானும் தொழிலுக்கு வந்த நாளா கேட்கறேன். விஷம் உள்ள பொறுமையா உட்கார்ந்திருக்கும். சட்டத்துக்குத்தான் அவசரம். எழுந்து போயிடுது."

அம்மா கண்ணாடிக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள்: "ஸ்டோர்லதான் இருந்தாரு. ஆனா ஷட்டவுன் சமயத்துல சட்டையில அந்த வாசனை வரும். இனிப்பா இருக்கும். ரெண்டு தடவை துவைச்சாலும் போகாது."

ஷட்டவுன் என்பது ஆண்டுக்கொரு முறை ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் காலம். ஆள் போதாது. ரெஜினா அக்கா கோப்பையைக் கீழே வைத்தார்.

"கடைசியா எப்போ வந்துச்சு அந்த வாசனை?"

"படுக்கிறதுக்கு முந்தின வருஷம்கூட."

"ஸ்டோர்ல இருந்தவரை உள்ள இறக்கினது யாரு?"

அம்மா என்னைப் பார்த்தாள். மேற்பார்வையாளர் ஒருவர்தான். மாமா.

நீதிபதி மனுவை ஏற்கவில்லை. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதைச் சாட்சிகளைக் கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும், விசாரணை நடக்கட்டும் என்றார். வெற்றிதான். ஆனால் மிஸ்டர் தான் சிரிக்கவில்லை. சட்டையின் வாசனை போதாது என்றார். அப்பா கடைசி ஆண்டுகளிலும் தொட்டிக்குள் இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர் வேண்டும். இல்லாவிட்டால் இதோடு சரி.

அடுத்த திதிக்கு ரெஜினா அக்கா வந்தபோது மாமாவும் இருந்தார். சாப்பிட்டு முடித்துப் பின்கட்டில் கை கழுவப் போனார்கள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமா என்னைப் பொருட்படுத்தாமல் கேட்டார்.

"லாயரம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நான் கோர்ட்டுல போய்ச் சொன்னா, என்னையும் மாட்டி விடுவாங்களா?"

"குறுக்குக் கேள்வி கேப்பாங்க. உங்க மேல பழியைப் போடப் பாப்பாங்க. வேலையும் போகலாம். போகாதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு நான் வந்து சொல்லணும்?"

"சொல்லுங்கன்னு நான் கேக்கவே இல்லையே குமார். நீங்கதானே கேட்டீங்க."

மாமா குழாயை மூடினார். மறுபடி திறந்தார். மூடினார்.

"நீங்களும் தொட்டியில இறங்கினவருதானே?" என்றார் அக்கா. "ரத்தம் டெஸ்ட் பண்ணியாச்சா? உங்களுக்கும் நாள் ஓடுது."

மாமா கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார். கூடாரத்திலிருந்து அவரை விரட்டிய மனிதர்.

அம்மாவுக்கு அன்று ரெஜினா அக்கா மேல் கோபம். "கொஞ்சம் அதட்டிக் கேட்டிருக்கலாம்ல அக்கா? அண்ணன் இறங்கித்தான் வந்தாரு."

"அதட்டினா வருவாரு சாந்தி. கோர்ட்டுல அவங்களும் அதட்டுவாங்க. அப்போ அந்தப் பக்கம் போயிடுவாரு."

அதுதான் நான் அவரை எங்கள் வீட்டில் கடைசியாகப் பார்த்தது. விசாரணைக்குச் சில வாரங்கள் இருந்தபோது அந்தப் புகைப்படம் வந்தது. இதயம் என்றார்கள். காலையில், வீட்டில்.

மாதா கோயிலில் இடமில்லை. ஓரங்களில் நின்றார்கள். திருநீறு பூசியவர்கள், பொட்டு வைத்த பெண்கள், தொழிற்சாலைச் சீருடையில் வேலை முடிந்து நேரே வந்தவர்கள். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று பலருக்கும் தெரியவில்லை. முன்னால் இருப்பவரைப் பார்த்துத் தாமதமாக எழுந்தோம். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு முதியவர், "எங்க வீட்டுக்கும் வந்தாங்க. நாய் விட்டுத் துரத்தினோம்" என்றார். "வழக்கு?" என்றேன். "ஜெயிச்சோம் மா. அடுத்த வருஷம் அவங்க மறுபடி வந்தாங்கல்ல" என்றார்.

மாமா அங்கே இருப்பார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கல்லறையில் மண் போடும் வரிசையில் அவர் நின்றார். நாங்கள் அவருடைய வேனில்தான் திரும்பினோம். துறைமுகச் சாலையில் டேங்கர் லோரிகள். சிவப்பு விளக்கில் நின்றபோது, மாமா முன்னால் பார்த்தபடியே கேட்டார்:

"சாந்தி, அந்தச் சீன லாயர் ஆப்பிஸ் எத்தனை மணிக்குத் தொறப்பாரு?"

"எதுக்கு அண்ணே?"

"மச்சானைக் கடைசியா உள்ள இறக்கினது எந்த ஷட்டவுன்லன்னு எனக்குத்தானே தெரியும்."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். விளக்கு பச்சையானது. பின்னாலிருந்து ஒருவன் ஹாரன் அடித்தான். "இரு லா, டேய்" என்று மாமா கண்ணாடிக்குள்ளேயே அவனைத் திட்டினார்.

சென்ற மாதம் மாமா சாட்சிக் கூண்டில் ஏறினார். ஸ்டோரில் இருந்த மச்சானை, ஆள் போதாத ஒவ்வொரு ஷட்டவுனிலும் தானே உள்ளே அனுப்பியதைச் சொன்னார். படுப்பதற்கு முந்தைய ஆண்டு உட்பட. நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்தார். வழக்கு நடந்த இத்தனை காலமும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டார்.

மாமா மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்கவில்லை. மலாயிலேயே சொன்னார். பயம்.

இப்போது பயம் போய்விட்டதா என்று வழக்கறிஞர் கேட்டார், இலேசாகச் சிரித்தபடி.

"இப்பவும் இருக்கு" என்றார் மாமா. இதைத் தமிழில். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை நீதிமன்றம் காத்திருந்தது. நீதிபதி தலையைத் தூக்கி மாமாவைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். வழக்கறிஞர் அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டினார். மாமா நின்ற இடத்திலேயே நின்றார். பின்வாங்கவில்லை.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. மிஸ்டர் தான் முதன்முறையாக எங்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். மாமாவின் வேலை போய்விட்டது. வேனில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். அப்பாவோடு தொட்டியில் இறங்கிய இருவர் மாமாவைப் பார்த்துவிட்டுத் தாங்களும் சாட்சி சொல்வதாக வந்திருக்கிறார்கள்.

ரெஜினா அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது சட்டம் அல்ல. அது எனக்கு இன்னமும் பாதிதான் விளங்குகிறது. அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். கேட்பவருக்கு அது பிடிக்காது என்று தெரிந்தும், முழுவதையும், ஒரே ஒரு முறை. அதன் பிறகு காத்திருந்தார். வாழ்நாள் முழுவதும் கெடுவைப் பற்றியே பேசிய அவர், மாமாவுக்கு ஒரு கெடுவும் வைக்கவில்லை. அந்தக் காத்திருப்பை வைத்துக்கொள்கிறேன். பயந்திருக்கும் ஒருவர் பேச வரும்வரை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அதை இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன்.